படக்காரம்மா பிறந்த இடம்

தம்பி,

திங்கட்கிழமை காலையில் நீ ராகலைக்குப் போய்ப் பதிவாளர் வேலையை ஏற்கப் போகிறாய். பிறப்பு, இறப்பு, விவாகம் மூன்றுக்கும் தடித்த புத்தகங்களும் ஒரு முத்திரையும் உன் கையில் தருவார்கள். நேற்று தொலைபேசியில் "ஏதாவது சொல்லுங்கோ அப்பா" என்று நீ கேட்டபோது, அங்கே குளிர் அதிகம், கம்பளிச் சட்டை கொண்டு போ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "முப்பது வருசம் கந்தோரில குந்தியிருந்த மனுசனுக்கு, பிள்ளைக்குச் சொல்ல ஒரு கம்பளிச் சட்டைதான் கிடைச்சதோ?" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன். வாயால் சொல்ல முடியாததைக் கடதாசியில் எழுதிவிடுவது என் பழக்கம். கடதாசியில் நான் எழுதியவற்றில் ஒன்று பொய். அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் வாரப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்கிறாள் உன் அம்மா. அனுப்புவேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

படக்காரம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். கோயிலுக்குக் கீழே இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில், தனியாக இருந்த மெலிந்த மனுஷி. எண்பது வயதுக்கு மேலும் முதுகு வளையாமல், வெயிலில்கூடக் கண்ணைச் சுருக்காமல் நடப்பாள். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். நான் பெரிய கிளாக்கராக அந்தத் தோட்டத்துக்கு வந்தபோதே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். ஆனாலும் காலையில் பெரட்டுக்கு எல்லோரும் கூடும்போது அவளும் வந்து நிற்பாள். வேலை பிரித்துக் கொடுக்கும் வரை பெண்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள். ஒருநாள் என் அலுவலகமான கந்தோரின் ஜன்னலால் பார்த்தேன். "ஏ படக்காரம்மா, நம்ம பெரிய கிளாக்கரச் செஞ்சு காட்டேன்" என்றாள் ஒருத்தி. அவள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். விரலை நாக்கில் தொட்டு இல்லாத பக்கத்தைப் புரட்டினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து, போட்ட கையெழுத்தைத் தானே திரும்ப வாசித்துத் திடுக்கிட்டாள். ஒரு சொல் பேசவில்லை. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அடியே, ஐயா பாக்குறாரு!" என்றாள் யாரோ. "பாக்கட்டும். அவரு வேற என்னத்தச் செய்வாரு, பாக்கத்தான் செய்வாரு" என்றாள் படக்காரம்மா. அன்று எனக்குக் கோபம் வந்தது. என்னை அவ்வளவு சரியாக எழுதிவைத்த சான்றிதழ் வேறெதுவும் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

அவள் கதையை நான் முழுதாகக் கேட்டது பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் எழுதிய காலத்தில். தொண்ணூறுகள் பிறந்த சமயம். நாடற்றவர்களாக இருந்த தோட்டத்து மக்கள் சத்தியக் கடதாசி கொடுத்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்று வந்தது. தோட்டத்தில் எனக்குத்தான் மூன்று மொழியும் எழுத வரும் என்பதால் பின்னேரங்களில் கந்தோர் விறாந்தையில் மேசை போட்டு ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தேன். அவளும் வந்தாள். அதுவரை அவள் எந்தப் படிவத்திலும் இல்லை. எனக்கு முன்பிருந்த கிளாக்கர்மார் வேலைநாளும் சம்பளமும் பதிகிற செக்ரோலில் 'மருதை பெண்சாதி' என்றே எழுதி வந்திருந்தார்கள். மருதை, அவளோடு சேர்ந்து வாழ்ந்த தொழிற்சாலைத் தொழிலாளி. இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. நான் பிறந்த இடம் கேட்டேன். "தஞ்சாவூருப் பக்கம்யா. ஊரு பேரச் சொன்னா ஒங்களுக்குத் தெரியாது" என்றாள். பெயர் கேட்டேன். "நளினாட்சி" என்றாள். "அது படத்துக்கு வைச்ச பேரெல்லோ? தாய் தகப்பன் வைச்ச பேர் என்ன?" என்றேன். அவள் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்க வச்ச பேரச் சொல்லிக் கூப்புட்டவங்க யாரும் இன்னைக்கு உசுரோட இல்லீங்க. பதினேழு வயசுல சுவத்துல நோட்டீசு ஒட்டுனாங்க, மிஸ் நளினாட்சின்னு, இம்மாம் பெரிய எழுத்துல. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த எழுத்து மட்டும் எப்புடி இருக்கும்னு தெரியும். எங்க பாத்தாலும் கண்டுபுடிச்சிருவேன்" என்றாள்.

பேச்சில்லாத படங்கள் எடுத்த காலத்தில், சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று படம் நடித்தவள் அவள். கௌரவமான வீட்டுப் பெண்கள் யாரும் கேமராவுக்கு முன்னால் வராத காலம் அது. இவள் ஒரு நாடகக் கூட்டத்தில் கூட்டத்தோடு நிற்கிறவளாக இருந்ததால் கூட்டிப் போனார்களாம். கூரையில்லாமல் மூன்று சுவர் மட்டும் கட்டி அதை அரண்மனை என்பார்களாம். வெயில்தான் விளக்கு. கண்ணாடியையும் வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளையும் சாய்த்துப் பிடித்து வெயிலை முகத்தில் அடிப்பார்களாம். "கண்ணு எரியும்யா, ஆனா மூடக்கூடாது. மூடுனா அந்தத் துண்டு வீணு, முதலாளி தாம் தூம்னு குதிப்பாரு. அழுற கட்டத்துல கண்ணத் தொறந்தபடி வச்சிருந்தா போதும், வெயிலே அழ வச்சிரும்" என்றாள். பக்கத்தில் நின்று ஒருவர், இப்போது பயப்படு, இப்போது சிரி என்று கத்திக்கொண்டே இருப்பாராம். அவள் முகம் மட்டும் வேலை செய்யும். சொல்லவேண்டியது இருந்தால் ஓர் அட்டையில் எழுதித் திரையில் காட்டுவார்கள். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு பேசும் படம் வந்தது. ஒலி பிடிக்கிற ஆள் அவளைப் பாடச் சொன்னார். பாட்டு வரவில்லை. குரல் கரகரவென்று இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். வாசலுக்கு வெளியே காத்திருந்த பாட்டுக்காரப் பெண்கள் வரிசையைப் பார்த்ததுமே தன் கதை முடிந்தது என்று தெரிந்துவிட்டதாம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் கோலோடு நின்று கதை சொல்கிற ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு, பழைய படச்சுருள் ஒன்றையும் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு வந்தான். தோட்டம் தோட்டமாகத் துணி கட்டிப் படம் காட்டினான். படம் முடிந்ததும் அதே உடுப்பில் அவள் திரைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், ஜனங்கள் திரையில் பார்த்தவளை நேரில் பார்க்க. ஊமைப் படத்தை இங்கேயும் யாரும் பார்க்க வராத நாள் வந்தது. புதுச்சுருள் வாங்கி வருகிறேன் என்று அட்டன் ஸ்டேஷனில் அவளை உட்கார வைத்துவிட்டு ரயிலேறியவன் திரும்பவில்லை. நான்கு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்திருக்கிறாள். ஐந்தாம் நாள் ஒரு கங்காணி கூப்பிட, அவர் பின்னால் போய்க் கொழுந்துக்கூடை கட்டிக்கொண்டாள். அவளிடம் மிஞ்சியது பவுடர் டப்பாவில் சுற்றிவைத்த இரண்டு புகைப்படங்கள். ஒன்றில் அட்டையால் செய்த அன்னத்தின் மேல் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றதில் கைவிலங்கோடு நிற்கிறாள். இரண்டின் அடியிலும் அவள் பெயரும், சென்னை என்று போட்ட கம்பெனி முத்திரையும் இருந்தன.

அந்த முத்திரையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. தம்பி, நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலைநாட்டில் வேலை செய்தவன். யுத்த காலத்தில் என் அடையாள அட்டையில் இருந்த பிறந்த ஊரே எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை தடவை பொலிசில் போய்ப் பதிந்தோம், எத்தனை தடவை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள், நீயும் பார்த்தாய். பிறந்த இடம் என்ற ஒரு வரி ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதில் எனக்கு அனுபவம் இருந்தது. அந்த அனுபவத்தை அவள் மேல் ஏற்றினேன். இந்தியாவில் பிறந்ததாக எழுதினால் அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். "என்னையக் கப்பலேத்திருவாங்களாய்யா? அங்க எனக்கு யாருமே இல்லீங்களே" என்று அவள் கேட்டாள். ஒப்பந்தப்படி தோட்டத்து மக்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவது நின்று சில வருடமாகியிருந்தது. பயம் நிற்கவில்லை. "ஏத்த மாட்டினம் எண்டு சொல்லேலாது. எதுக்கும் கவனமா இருப்பம்" என்றேன். தோட்டத்துப் பழைய பிறப்புப் புத்தகத்தைத் தேடினேன். அவள் வயதுக்கு ஒத்துவரும் ஒரு பெண்குழந்தை அதில் இருந்தது, ராமாயி என்று. குழந்தையாகவே இறந்துபோனதாகப் பழைய ஆட்கள் சொன்னார்கள். இறப்பை யாரும் பதியவில்லை. அந்தப் பிறப்பின் பிரதியை எடுத்து, அந்தக் குழந்தைதான் இவள் என்று சத்தியக் கடதாசி எழுதினேன். அதை அத்தாட்சிப்படுத்த வேண்டிய சமாதான நீதவான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதை அவர் ஒருபோதும் வாசிப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் முறை அப்படியல்ல. ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த இடம் உலகத்தில் எங்கும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். யாராவது விசாரிக்க வந்து அந்தப் படங்களைக் கண்டால்? அவளைக் கூப்பிட்டு, அவற்றை வைத்திருப்பது ஆபத்து என்று விளக்கினேன். நீண்ட நேரம் டப்பாவை மடியில் வைத்திருந்தாள். பிறகு மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். உன் அம்மாவிடம் அன்று மாலை சொன்னேன். "விசரே உங்களுக்கு? எங்கட வீட்டு அலுமாரியில வையுங்கோவன், ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்றாள். அலுமாரியில் வைத்தால் அந்த ஆபத்து என் வீட்டுக்கு வரும். அதை அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் தொழிற்சாலைக்குப் போய், கொழுந்து காயவைக்கும் அடுப்பின் கதவைத் திறந்து என் கையாலேயே போட்டேன். அன்னம் முதலில் சுருண்டது. ஒரு பிரதி எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கடிதத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து வைக்கிறவன் நான்.

சில மாதத்தில் அவளுடைய அடையாள அட்டை வந்தது. அவள் அதைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். "எம்பேரு எங்க? அந்த எழுத்தக் காணோமே" என்றாள். பெயரையும் மாற்றிவிட்டதை நான் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. இது கடதாசிக்கு மட்டும்தான், மனதில் வைக்காதேங்கோ என்று ஏதோ சொன்னேன். கொஞ்சம் யோசித்தவள் சிரித்துவிட்டாள். "சரி விடுங்க. இன்னொரு வேஷம்னு வச்சுக்குவோம். ராமாயி வேஷம்." அவள் அப்படிச் சிரித்ததால் என் காரியம் சரிதான் என்று எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் மூன்று நான்கு வருடம் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு சென்னையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். பேச்சில்லாத படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவள், முப்பது வயதிருக்கும். அந்தப் படங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை, சுருள்கள் எல்லாம் அழிந்துவிட்டன, நடித்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களுடைய பேச்சையாவது பதிந்துவைக்க வேண்டும் என்றாள். அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் மிஸ் நளினாட்சி என்ற பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இலங்கைப் பக்கம் போனதாக மட்டும் கேள்விப்பட்டுத் தேடி வந்தவள், அட்டனில் யாரோ படக்காரம்மா என்று சொன்னதைக் கேட்டுத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். தோட்ட நிர்வாகியான துரை என்னைக் கூப்பிட்டு, விசாரித்து உதவி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லயத்துக்கு ஆள் அனுப்பினேன். படக்காரம்மா வந்தாள். வெளுத்த சேலை உடுத்தி, தலையைப் படிய வாரி, முகத்துக்கு மெல்லிதாகப் பவுடர் பூசியிருந்தாள். பவுடர் யாரிடம் வாங்கினாளோ. பின்னால் நான்கைந்து பெண்கள் வந்து கந்தோர் வாசலில் நின்றார்கள். ஒருத்தி, "படக்காரம்மா, மறுபடியும் நோட்டீசு ஒட்டப் போறாங்க போல" என்று கேலி பண்ணினாள். "ஒட்டுனா ஒன் வீட்டுச் சுவத்துல ஒட்டச் சொல்றேன், சும்மா இருடி" என்றாள் அவள்.

சென்னைப் பெண் எழுந்து நின்று வணங்கினாள். "அம்மா, உங்க பேர் என்ன?" என்றாள். "நளினாட்சி. மூணு படத்துல நடிச்சேன்மா" என்றாள் படக்காரம்மா, ஒப்பிக்கிற பிள்ளை போல. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பட்டியலை எடுத்தாள், பேனாவை எடுத்தாள். பிறகு வேலை தெரிந்தவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். ஏதாவது படம் இருக்கிறதா, கடிதம் இருக்கிறதா, எந்த ஊர் என்று காட்டும் பத்திரம் இருக்கிறதா? படக்காரம்மா என்னைப் பார்த்தாள். சென்னைப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். "சார், உங்ககிட்ட இவங்க ஃபைல் இருக்குமே?" இருந்தது. எல்லாக் கோப்புகளிலும் ஒழுங்கான கோப்பு அதுதான். அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண்ணிடம், அம்மா இதை எழுதாதேங்கோ, நடந்தது இதுதான் என்று ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். நான் நினைத்தது பொய்ச் சத்தியத்துக்கு எத்தனை வருடம் சிறை என்பதையும், யாழ்ப்பாணத்தான் ஒருவன் கள்ளப் பத்திரம் எழுதினான் என்று செய்தி வந்தால் பொலிஸ் என்ன செய்யும் என்பதையும்தான். கோப்பை எடுத்து விரித்தேன். "இவ இந்தத் தோட்டத்திலயே பிறந்தவ. பேர் ராமாயி. வயசு போன ஆள், எல்லாருக்கும் உந்தப் படக்கதைதான் சொல்லுவா" என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

சென்னைப் பெண் பிறப்புப் பிரதியை வாசித்தாள், திருப்பிப் பார்த்தாள், மெதுவாகப் பேனாவை மூடினாள். "மன்னிச்சுக்குங்கம்மா, சிரமம் கொடுத்துட்டேன்" என்றாள். படக்காரம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், கண்ணை மூடாமல், இமைக்காமல். வெயில் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கோப்பைக் கட்டி அலுமாரியில் வைப்பதற்காக நான்தான் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். சென்னைப் பெண்ணின் புத்தகம் பிறகு வந்ததாக அறிந்தேன். தேடி வாசிக்கும் துணிவு எனக்கு இல்லை.

அதன்பின் அவள் இறக்கும்வரை என்னோடு ஒரு சொல் பேசவில்லை. மருந்துக்கோ, நிவாரண மாவுக்கோ கந்தோருக்கு வந்தால் வரிசையில் நிற்பாள். அவள் முறை வந்ததும் நான் என்ன கேட்டாலும், "சுகமா இருக்கிறீங்களோ" என்று கேட்டாலும், முந்தானையில் முடிந்திருந்த அடையாள அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நான் எழுதிய பெயரை நானே வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தேனா என்று பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்துகொள்வாள். மற்றவர்களோடு எப்போதும் போலப் பேசுவாள், கேலி செய்வாள். ஆனால் பெரிய கிளாக்கரைச் செய்து காட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள். நீ ஒருநாள் கேட்டாய், "படக்காரம்மா ஏன் அப்பா உங்களோட மட்டும் கதைக்கிறேல்ல?" என்று. அவவுக்குக் காது கேக்காது என்று சொன்னேன். நீ அதை நம்பி, மறுநாள் அவளுக்குப் பக்கத்தில் போய்த் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாய். "ஒங்கப்பா சொன்னாராக்கும்?" என்று கேட்டுவிட்டு உன் தலையைத் தடவி அனுப்பினாளாம். நீ வந்து சொன்னாய். உனக்கும் பொய் சொன்னேன் என்பதை இப்போது எழுதி ஒப்புக்கொள்கிறேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவள் இறந்தபோது இறப்பைப் பதிய நான்தான் போனேன். உறவு என்று யாரும் இல்லை, தோட்டத்துக் கிளாக்கர் போனால் போதும். புறப்படும்போது உன் அம்மா வாசலில் நின்று, "செத்த பிறகாவது அந்த மனுசியின்ர பேரை எழுதுங்கோ. இனி ஆரைப் பிடிச்சுக் கப்பலேத்தப் போகினம்?" என்றாள். பஸ்ஸில் வழி முழுவதும் எழுதுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவாளர் பேனாவோடு நிமிர்ந்து பெயர் கேட்டார். ராமாயி என்றேன். பிறந்த இடம் கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அட்டையும் பதிவும் ஒத்துப்போக வேண்டுமே என்று வரும் வழியில் எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

இளைப்பாறி டிக்கோயாவில் இந்த வீட்டுக்கு வந்த பிறகு, பழைய சுற்றுநிருபங்களைக் கட்டி வைக்கும்போது ஒன்றைக் கண்டேன். அந்தக் காலத்தில் படிவங்களோடு வந்த விளக்கம். இந்தியாவுக்குப் போக விண்ணப்பிக்காமல் நீண்டகாலம் இங்கேயே வசித்திருந்தால் போதும், எங்கே பிறந்தார் என்பது தடையில்லை என்ற பொருளில் ஒரு பந்தி இருந்தது. மூன்று தடவை வாசித்தேன். அதன் ஓரத்தில் என் கையெழுத்தில் 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. பார்த்திருக்கிறேன், கையெழுத்திட்டிருக்கிறேன், பயத்தில் மனதில் வாங்கவில்லை. அவளுடைய ஊரையும் பெயரையும் உள்ளபடியே எழுதியிருந்தாலும் அட்டை கிடைத்திருக்கும். அன்னத்தின் மேல் உட்கார்ந்த அந்தப் பெண் யாருக்கும் ஆபத்தாக இருந்ததில்லை.

உனக்கு இந்த வேலை கிடைத்தது என்ற கடிதம் வந்த அன்று, இறப்புப் பதிவைத் திருத்தக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தேன் என்று அதில் கையெழுத்திட்டேன். இரண்டு தடவை அந்த அலுவலகம்வரை போய்ப் படியேறாமல் திரும்பினேன். போன கிழமை மூன்றாம் தடவை ஏறினேன். மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். நம்முடைய பழைய தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். விண்ணப்பத்தை வாசித்தாள். பழைய பதிவை எடுத்துப் பார்த்தாள். "ஐயா, இதுல பொறப்புச் சான்று, அட்டை, எல்லாமே ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதே. இப்ப நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்றாள். நான்தான் ஆதாரம் என்றேன். அவள் பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "எங்க அப்பாவுக்கும் நீங்கதான் எழுதுனீங்க. எங்க லயத்துல பாதிப் பேருக்கு நீங்கதான். ஒண்ணு பொய்யின்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, மத்ததெல்லாம் எப்புடின்னு கேக்க மாட்டாங்களா? நா இந்த நாக்காலியில ஒக்காந்திருக்கறதே அந்தக் கடுதாசியாலதான்யா."

"மற்றதெல்லாம் உண்மை, பிள்ளை" என்றேன்.

"எனக்குத் தெரியும்யா. கேக்குறவங்களுக்குத் தெரியணுமே" என்றாள். விண்ணப்பத்தை மடித்து, நான் கொண்டுபோன உறையிலேயே போட்டு என் பக்கம் தள்ளினாள். படக்காரம்மா பவுடர் டப்பாவைத் தள்ளியதுபோல. பிளேன்டீ வரவழைத்துக் குடிக்க வைத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அவள் மேல் பிழை சொல்ல என்னால் முடியாது. படியிறங்கும்போது என் மனதில் இருந்தது துக்கமில்லை, தம்பி. நிம்மதி. சிறைக்குப் போக வேண்டாம், மானம் போகாது என்ற நிம்மதி. அதை உன்னிடம் மறைத்தால் இந்தக் கடிதத்தையும் அந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டிவிடலாம்.

ஒரு தகப்பன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் ராகலையில் உன் மேசைக்கு முன்னால் யாராவது வந்து நின்று தன் பெயரைச் சொன்னால், அவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மேசையில் வை. அட்டையை அதற்குப் பிறகு கேள். அட்டையில் வேறு பெயர் இருந்தால், அதை எழுதியவன் யார், எதற்குப் பயந்தான் என்று விசாரி. யாரையாவது காப்பாற்றுவதாக நினைத்து நீ ஒரு வரியை மாற்றத் துணிந்தால், காப்பாற்றப்படுவது அவரா நீயா என்று ஒரு தரம் பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. சுற்றுநிருபங்களைக் கடைசிப் பந்திவரை வாசி. கம்பளிச் சட்டையையும் மறக்காதே, அந்தக் குளிர் உண்மையானது.

எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். தோட்டத்தின் பெயரை எங்கும் எழுதவில்லை. துரையின் பெயரோ, சமாதான நீதவானின் பெயரோ இல்லை. உன் பெயர் இல்லை. என் பெயரையும் கீழே போடப் போவதில்லை. பத்திரிகையில் வந்தாலும் என்னை யாரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாதபடி, இடப்பக்கமும் வலப்பக்கமும் மேசைக்கு அடியிலும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அவள் கூடையில் உட்கார்ந்து செய்து காட்டிய அதே ஆள்தான். ஒரு பெயரை மட்டும் வேண்டுமென்றே மறைக்காமல் விட்டேன். நளினாட்சி. படிக்கத் தெரியாத அவள் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே எழுத்து இந்தப் பக்கங்களில் இருக்கிறது. தேடிப் பார்க்கத்தான் அவள் இல்லை.

அப்பா